எனக்குப் பதிலாகப் போனவர்

என் இடத்தில் இமயமலைக்குப் போன ஆளின் பெயர் கலீம். பல் டாக்டர். தில்லைநகரில் கிளினிக் வைத்திருக்கிறார். என்னைவிட எட்டு பத்து வயது இளையவர், தொப்பை கிடையாது, தலையில் முடி அத்தனையும் அப்படியே இருக்கிறது. ஏதாவது கெட்ட பழக்கம் உண்டா என்று நாலு இடத்தில் விசாரித்துப் பார்த்துவிட்டேன். காபிக்குச் சர்க்கரைகூடப் போடுவதில்லையாம்.

அது என் இடம் என்று நான் சொல்வதில் தப்பே இல்லை. பனியில் நடக்க வேண்டும் என்பதே என் யோசனைதான். நானும் நவநீதனும் அருள்ராஜும் ஸ்ரீரங்கத்தில் ஒரே ஸ்கூலில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இப்போது நவநீதன் கெமிஸ்ட்ரி வாத்தியார். அருள்ராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருக்கிறான். நான் அம்மா மண்டபம் ரோட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். எங்கள் மூவருக்குள் பேச்சு எப்போதும் 'டேய்'தான். நவநீதனுக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரியும். ஆனால் ஸ்கூல் பையன்களைத் தவிர்த்துவிட்டால், அவன் வாயால் டேய் வாங்குகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அருள்ராஜுக்குக் கிடைக்கும் டேயைவிட எனக்குக் கிடைக்கும் டேயில் உரிமை ஒரு சொட்டு கூடுதல் என்பது என் கணிப்பு. இதை அருள்ராஜிடம் நான் சொன்னதில்லை.

போன கோடையில் ஒரு நாள் கரெண்ட் போன மதியத்தில் மூன்று பேரும் என் கடையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஐம்பது வயதுக்குள் ஒரு தடவையாவது பனியைக் காலால் மிதித்துவிட வேண்டும் என்று சொன்னது நான். உத்தராகண்டில் கேதார்கந்தா என்று ஒரு சிகரம் இருக்கிறது, புதிதாகப் போகிறவர்களும் ஏறலாம் என்று கண்டுபிடித்தது நான். பொங்கல் லீவோடு இன்னும் சில நாள் சேர்த்துப் போட்டால் நவநீதனுக்கு வசதி, அப்போதுதான் பனியும் நிறைய இருக்கும் என்று நாள் குறித்ததும் நான்தான்.

பயிற்சியும் என் பொறுப்பு. திருச்சியில் மலை என்றால் மலைக்கோட்டைதானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் திறந்ததும் மூன்று பேரும் முதுகில் பை, பை நிறையத் தண்ணீர் பாட்டில் என்று ஏற ஆரம்பித்துவிடுவோம். உச்சிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, இறக்கம், மறுபடி ஏற்றம். பிள்ளையாருக்கே எங்களைப் பார்த்து அலுத்திருக்கும். கோயில் படி என்பதால் செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். ஆளுக்கொரு பனி ஷூ ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. கணுக்காலுக்கு மேல் வரும், கனமான ஷூ. தீபாவளிக்கு எடுத்த துணியை முன்னாலேயே உடுத்திப் பார்க்கிறவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தப் பழக்கத்தில் நான் ஒரு சட்டம் போட்டேன்.

"பனிக்குன்னு வாங்கின ஷூடா. திருச்சி ரோட்டுல போட்டுத் தேய்ச்சு வீணாக்காதீங்க. அங்க போய்ப் பிரிச்சுக்கலாம்."

இரண்டு பேரும் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அவர்கள் என் பேச்சைத் தட்டுவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மலைக்குக் கூட்டிப் போகிற கம்பெனிக்காரர்கள் டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்றார்கள். நவநீதனுக்கும் அருள்ராஜுக்கும் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டாக்டர், என்னை மட்டும் டிரெட்மில்லில் ஓட விட்டு, பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, பிரஷரை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "உங்களை மேல அனுப்பினா என்னை உள்ள வெச்சிடுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"நீ இல்லாம நாங்க எதுக்குடா போகணும்" என்றான் நவநீதன்.

நான் பெருந்தன்மையாக, "அதெல்லாம் பேசக் கூடாது. போயிட்டு வாங்கடா" என்றேன். இன்னும் ஒரு தடவை மறுப்பான் என்று காத்திருந்தேன். மறுக்கவில்லை. அடுத்த வாரமே கலீமைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான். பல் பிடுங்கப் போன இடத்தில் சிநேகம் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். "ரத்தினம், இவர்தான் டாக்டர். உன் இடம் வீணாகாது" என்றான். என் இடம் வீணாகக் கூடாதே என்று நான் ஒன்றும் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருக்கவில்லை.

கலீம் மரியாதையான ஆள். அதுதான் அவரிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது. கடையில் உட்காரும்போதே நாற்காலியைத் துடைத்து எனக்குத் தள்ளிவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷூ பேச்சு வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. புது ஷூ காலைக் கடிச்சிடும். முன்னாடியே கொஞ்ச நாள் போட்டு நடந்து பழக்கணும். நான் காலையில கொள்ளிடம் பாலத்துல ஷூவோடதான் நடக்கறேன். இவங்களும் வந்தா நல்லது."

அவர் சொன்ன விஷயம் என் காதில் ஏறவே இல்லை. 'இவங்களும் வந்தா' என்பது மட்டும்தான் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கோட்டையில் நான் மட்டும் நிற்க, இவர்கள் மூன்று பேரும் கொள்ளிடக் காற்று வாங்கிக்கொண்டு பாலத்தில் பேசிப் போகிற காட்சி கண் முன்னால் வந்து நின்றது.

"டாக்டர் பல்லைப் பாத்துக்கட்டும். காலை நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

அருள்ராஜ் சிரித்துவிட்டான். நவநீதன் என்னைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், பிறகு, "விடுங்க டாக்டர். ரத்தினம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

ஜங்ஷனில் வழியனுப்பப் போனேன். என் மனைவி ரெங்கநாயகி விடிகாலையில் எழுந்து, டெல்லி போய்ச் சேரும்வரை கெடாத மாதிரி புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். கலீம் வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக மூன்று கைகள் ஆடின. அதில் ஒன்று என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் அருள்ராஜுக்கு போன் போட்டு, "சாப்பிட்டீங்களாடா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பிரமாதம்டா. கறி அப்படியே பஞ்சு மாதிரி" என்றான். பிறகு ஞாபகம் வந்து, "புளியோதரை கெடாதுல்ல, அதான் நாளைக்கு வெச்சிருக்கோம்" என்றான்.

இதை ரெங்கநாயகியிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வராது என்பதுதான் காரணம்.

மலையடிவாரத்துக் கிராமத்தில் போய் இறங்கியதும் வீடியோ கால் வந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. நான் கடையில் ஃபேனுக்குக் கீழே இருந்தேன். நவநீதன் குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து பேசினான். மூக்கு நுனி சிவந்திருந்தது. அவனை இத்தனை வருடங்களில் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில்கூட இப்படி இல்லை. "டாக்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ரத்தினத்துக்கு மலையைக் காட்டறேன்" என்று கேமராவைத் திருப்பினான். வெள்ளை வெளேரென்று எதுவோ தெரிந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை. 'டாக்டர்', 'நில்லுங்க' இரண்டையும் கேட்டு நிம்மதியாக இருந்தேன். பேசி முடித்ததும் மூன்று பேரும் பனியில் நிற்கிற போட்டோ ஒன்று வந்தது.

நடக்க ஆரம்பித்த பிறகு வழியில் எங்கேயோ ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்து இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். படம் விட்டு விட்டு வந்தது. நவநீதன் என்னோடு பேசிக்கொண்டே பக்கத்தில் யாரையோ பார்த்து, "டேய் கலீம், அந்தப் பக்கம் போகாதடா, பள்ளம் இருக்கு" என்றான்.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்ல. இரண்டு நாளில் டாக்டர் கலீமாகி, கலீம் டேயாகிவிட்டார். நானும் அவனும் ஒன்றாக வாங்கின அடி எத்தனை, அவன் அப்பா சாவில் நான் நின்றது எத்தனை நாள், அவன் மகளுக்கு வரன் பார்க்க முசிறிக்கும் துறையூருக்கும் நான் பஸ்ஸில் இடிபட்டது எத்தனை தடவை. அத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்த சொல் அது. அதை அந்த மனுஷர் பனியில் இரண்டு நாள் நடந்து வாங்கிவிட்டார். அதற்கு மேல் படம் நின்றுவிட்டது. சிக்னலும் போய்விட்டது.

பிறகு நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. பொங்கல் வந்தது. கரும்பைக் கடித்தால் இனிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "என்ன ரத்தினவேல், இமயமலைக்குப் போறேன்னு சொன்னீங்க, இங்க இருக்கீங்க" என்று தவறாமல் கேட்டார்கள். பத்து வருடமாக என்னிடம் பேட்டரி வாங்கி ஒரு வார்த்தை பேசாத ஆள்கூடக் கேட்டார்.

"அவங்க பனியில நடக்கறாங்க, புகை இங்கல்ல வருது" என்றாள் ரெங்கநாயகி.

"எனக்கென்ன புகைச்சல்?"

"எனக்கென்ன தெரியும். மூணு நாளா அந்த ஒரே போட்டோவைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்கறீங்க. டாக்டர் மூக்குல ஏதாவது எழுதியிருக்கா?"

அவளிடம் மறைத்துப் பயனில்லை. ஆமாம், பொறாமைதான். கலீமுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், எலும்பெல்லாம் உடைய வேண்டாம். பத்துப் பேர் பார்க்க ஒரு வழுக்கு, மூக்கில் ஒரு சிராய்ப்பு, அது போதும். நவநீதன் அப்போது பெருமூச்சு விட்டு, 'இந்நேரம் ரத்தினம் இருந்திருந்தா' என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான்.

அவர்கள் கீழே இறங்கியதும் போட்டோக்கள் கொட்டின. கடையைப் பாதி சாத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் படங்களில் நவநீதன் உட்கார்ந்திருந்தான். பாறையில், மரக்கட்டையில், டெண்ட் வாசலில், எங்கே பார்த்தாலும் பக்கத்தில் கலீம். சிகரத்தில் எடுத்த படத்தில் மட்டும் அருள்ராஜ் தனியாகக் கொடி பிடித்து நின்றான். மற்ற இரண்டு பேரும் சிகரத்தின் இன்னொரு பக்கத்தில் எனக்கு அனுப்பாத போட்டோ எடுத்துக்கொண்டிருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

உடனே வீடியோ காலில் கூப்பிட்டேன். மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் இருந்தார்கள்.

"உச்சியில எப்படிடா இருந்துச்சு?" என்று நவநீதனிடம் கேட்டேன்.

நவநீதன் அருள்ராஜைப் பார்த்தான். "சூப்பரா இருந்துச்சு" என்றான் அருள்ராஜ்.

"உன்னைக் கேக்கல. ஷூவைக் காட்டுங்கடா, பனியில எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

நவநீதன் போனைக் கீழே திருப்பப் போனான். "வேணாம், வேணாம்" என்று கலீமின் குரல் கேட்டது. ஒரு கை வந்து போனை மேலே தூக்கியது. மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆக, அவர்களுக்குள் எனக்குத் தெரியாத ரகசியம் ஒன்று உருவாகிவிட்டது. எங்கள் மூவருக்குள் இருந்ததெல்லாம் இப்போது அவர்கள் மூவருக்குள் என்று ஆகிவிட்டது. அன்றைக்குக் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வந்தவர்.

அவர்கள் திரும்பி வந்த அன்றும் ஜங்ஷனுக்கு நான் போனேன். போகக் கூடாது என்று காலையெல்லாம் நினைத்துவிட்டு, ரயில் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே போய் நின்றேன். முதலில் அருள்ராஜ் இறங்கினான். பிறகு கலீம் இறங்கித் திரும்பி நின்று கை கொடுத்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நவநீதன் இறங்கினான். கனமான ஷூ காணோம், ரப்பர் செருப்பு. இரண்டு குதிகாலிலும் வெள்ளைக் கட்டு.

"என்னடா ஆச்சு?"

"வழுக்கிட்டேன்டா, பனியில" என்றான் நவநீதன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தோளும் காலியாகத்தான் இருக்கிறது என்று நான் போய் அவனுடைய இன்னொரு பக்கத்தில் நின்றுகொண்டேன். கார் வரைக்கும் அவன் கையைக் கலீம் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வழுக்கி விழுகிறவனுக்கு முட்டி பேர்ந்து பார்த்திருக்கிறேன், கை பிசகிப் பார்த்திருக்கிறேன். இரண்டு குதிகாலும் ஒரே மாதிரி எப்படிப் போகும்? மறுநாள் பொன்மலைக்குப் போய், ஷிஃப்ட் முடிந்து வந்த அருள்ராஜை டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டான்.

ஷூதான். நடக்க ஆரம்பித்த அன்றே இரண்டு பேருக்கும் கொப்புளம். அருள்ராஜுக்கு ஒர்க் ஷாப் ஷூ போட்டுக் காய்ப்பேறிய கால், பிளாஸ்திரி ஒட்டிச் சமாளித்துவிட்டான். நவநீதனுக்குத் தோல் உரிந்து சதை தெரிந்துவிட்டது. ராத்திரி டெண்டில் கலீம்தான் உட்கார்ந்து மருந்து வைத்துக் கட்டியிருக்கிறார். உச்சிக்குப் போக வேண்டிய விடிகாலையில் அவனால் ஷூவுக்குள் காலையே நுழைக்க முடியவில்லை. கலீமின் காலுக்கு ஒன்றுமில்லை. தாராளமாக ஏறியிருக்கலாம். "நீங்க போயிட்டு வாங்க அருள். இவரைத் தனியா விட முடியாது" என்று சொல்லிவிட்டு நவநீதனோடு கீழேயே தங்கிவிட்டாராம்.

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"டாக்டர்தான் சொன்னாரு. 'ரத்தினம் அண்ணே ஏற்கனவே வர முடியலையேன்னு இருப்பாரு. ஷூ விஷயத்தை வேற அவர் தலையில போடாதீங்க. வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்'னாரு. எங்களுக்கு அது தோணவே இல்லடா."

நான் டீயைக் குடித்தேன். என்னால் நவநீதனின் கால் போயிற்று என்று வெட்கப்பட வேண்டிய நேரம் அது. பட்டேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் முன்னால் முந்திக்கொண்டு வந்தது வேறு. நவநீதனுக்காக ஒருத்தன் ஒரு மலையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் அது நான் அல்லவா? அதையும் அந்த ஆள் எடுத்துக்கொண்டுவிட்டார். 'நான்தான் சொன்னேனே, கேட்டீர்களா' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரை வெறுக்க எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதைக்கூடக் கொடுக்கவில்லை.

"நவநீதன் என்னைத் திட்டினானா?" என்று கேட்டேன்.

"சேச்சே, இல்லடா. நான் இறங்கி வந்தப்போ அவங்க பாட்டுக்கு ரெண்டு பேரும் சீட்டு ஆடிக்கிட்டு இருந்தாங்க."

அருள்ராஜ் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சாயங்காலம் தில்லைநகருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வண்டியில் போகும்போதே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். கன்னத்தைப் பிடித்தபடி நாலு பேர் வரிசையில் இருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது வரவேற்பில் இருந்த பெண், "எந்தப் பல்லுங்க?" என்று கேட்டாள். எனக்கு வேறு பதில் தெரியவில்லை. "கடைவாய்ப் பல்" என்றேன்.

கலீம் எழுந்து நின்று, "வாங்கண்ணே, வாங்க. சொல்லியிருந்தா நானே கடைக்கு வந்திருப்பேனே" என்றார். நாற்காலியில் சாய்த்தார். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றையும் அந்த நிலைமையில் சொல்ல முடியவில்லை.

"சொத்தை எதுவும் இல்லண்ணே" என்றார். "ஆனா கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா?"

"தெரியல."

"ஏதாவது மனசுல போட்டுக் குழப்பிக்கிறீங்களா?"

அந்த மனுஷர் அதை அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். மன்னிப்பைத்தான் கேட்கப் போகிறேன் என்று நினைத்து வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"அங்க... நவநீதன் என்னைப் பத்தி ஏதாவது பேசினானா?"

கலீமின் கை நின்றது. கண்ணாடியைத் தட்டில் வைத்தார்.

"முதல் ரெண்டு நாள் பேசினாருண்ணே. 'ரத்தினம் இருந்தா இதைச் சொல்லுவான், அதைச் சொல்லுவான்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் மேல ஏற ஏற மூச்சு விடறதுக்கே சரியாப் போச்சுண்ணே. யாரும் யாரைப் பத்தியும் பேசல."

டெண்டில் சீட்டு ஆடினவர்களுக்கு மூச்சு வாங்கியிருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரிந்தன. அவற்றில் பொய் எதுவும் தெரியவில்லை. ஆனால் கட்டுப் போட்ட காலை என் கண்ணுக்குக் காட்டாமல் போனை மேலே தூக்கிய ஆள் இவர். அந்த முதல் இரண்டு நாள் பேச்சுகூட எனக்காக இவர் இட்டுக்கட்டிச் சொன்னதாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு வந்தது. அது போகவில்லை.

"வாயை நல்லாத் திறங்கண்ணே" என்றார் கலீம். திறந்தேன்.